மீட்கப் போய்த் தோற்றவர்களிடமிருந்து கூட்டுச் சிறப்புப் படைகள் எப்படிப் பிறந்தன?

தங்கச்சிமடத்தில் இருந்து, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "1980-ல் ஈரானில் பிணைக்கைதிகளை மீட்கப் போன அமெரிக்கப் படை தோற்றுத் திரும்பியது. அந்தத் தோல்வியால்தான் இன்றைய கூட்டுச் சிறப்புப் படைகள் வந்தன என்கிறார்கள். ஒரு தோல்வி எப்படி ஒரு படையை உருவாக்கும்? நம் நாட்டில் அப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? எனக்கு அந்த மாதிரிப் படையில் சேர ஆசை. எதில் சேரலாம்?"

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது உச்சிப்புளிப் பக்கம் இருக்கிறேன். நான் கமாண்டோ இல்லை. கமாண்டோக்களை ஏற்றிக்கொண்டு போகும் இயந்திரத்துக்கு அடியில் படுத்து எண்ணெய்க் கசிவு பார்த்தவன். இந்த விஷயத்தை நான் பார்ப்பதும் அந்த இடத்தில் இருந்துதான்.

தோல்வி தானாக எதையும் உருவாக்காது தம்பி. தோற்ற பிறகு அதைப் பிரித்துப் பார்க்க ஒருவர் வேண்டும். பார்த்ததை மறைக்காமல் எழுத வேண்டும். எழுதியதைச் செய்து முடிக்கப் பணமும் அதிகாரமும் உள்ள ஒருவர் பிடிவாதமாக நிற்க வேண்டும். ஈரான் தோல்விக்குப் பிறகு இந்த மூன்றும் நடந்தன, ஆனால் ஏழு வருடம் ஆனது. பிரித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த முக்கியமான பதில், அந்த இரவில் வேலை செய்ய வேண்டியிருந்தவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்பதுதான்.

அதைச் சொல்வதற்கு முன் நம் கடலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஊருக்கு வந்த புதிதில், வாடைக் காற்று அடித்துக்கொண்டிருந்த நாட்களில், வடகடலுக்குப் போன வள்ளம் ஒன்று திரும்பவில்லை. மூன்று பேர் போயிருந்தார்கள். கடைசியாக அவர்களைப் பார்த்த விசைப்படகுக்காரர், தன் ஜிபிஎஸ் கருவியில் பார்த்த இடத்தை வாக்கி டாக்கியில் சொன்னார். அட்சரேகையில் டிகிரிக்குப் பிறகு அவர் சொன்னது "பதினைந்து புள்ளி ஐந்து பூஜ்யம்". கரையில் அதைக் குறித்துக்கொண்டவர் பதினைந்து நிமிடம், ஐம்பது விநாடி என்று எழுதினார். விசைப்படகுக்காரர் சொன்னது பதினைந்தரை நிமிடம். இரண்டுக்கும் இடையே அறுநூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம். காற்று அடிக்கும் கடலில், இருட்டில், கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மிதப்பவர்களுக்கு அறுநூறு மீட்டர் என்பது வேறு உலகம். அதோடு, தேடப் போன இரண்டு ஊர்ப் படகுகளும் வெவ்வேறு சேனலில் பேசிக்கொண்டிருந்தன. ஒரு ஊர்க்காரர்கள் ஒரு பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்கு, சொல்லும் பெயர் அடுத்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. எல்லோருமே நல்ல கடலோடிகள். எல்லோரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தேடினார்கள். மூன்று பேரும் மறுநாள் காலை பத்து மணிக்கு, தேடவே போகாத இன்னொரு வள்ளத்தின் கண்ணில் பட்டார்கள். உயிரோடு கிடைத்தார்கள், கடவுள் புண்ணியம். ஈரான் அறிக்கையை நான் படிக்கும்போதெல்லாம் அந்த இரவுதான் நினைவுக்கு வரும்.

சரி, ஈரானுக்கு வருவோம். 1979 நவம்பர் 4 அன்று தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் கைப்பற்றினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாதக்கணக்கில் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். பேச்சுவார்த்தை நகரவில்லை. 1980 ஏப்ரல் 24 இரவு, அதிபர் ஜிம்மி கார்ட்டரின் ஒப்புதலோடு மீட்பு நடவடிக்கை தொடங்கியது. பெயர் 'ஈகிள் கிளா', கழுகின் நகம்.

திட்டம் பல கண்ணிகள் உள்ள சங்கிலி. அரபிக்கடல் பக்கம் நின்ற நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து எட்டு ஹெலிகாப்டர்கள் புறப்பட்டு, இரவில் தாழ்வாக, ரேடியோ மௌனத்தோடு, ஆயிரம் கிலோமீட்டர் போல் பறந்து ஈரானின் நடுவே ஒரு பாலைவனத்தில் இறங்க வேண்டும். அந்த இடத்துக்கு 'டெசர்ட் ஒன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓமானை ஒட்டிய மசீரா தீவில் இருந்து சி-130 ரக விமானங்கள் ஆட்களையும் எரிபொருளையும் கொண்டுவந்து அதே இடத்தில் இறங்க வேண்டும். ஹெலிகாப்டர்கள் அங்கே எரிபொருள் நிரப்பி, 'டெல்டா' என்ற கமாண்டோ படையினரை ஏற்றிக்கொண்டு தெஹ்ரானுக்கு அருகே ஒளிந்திருக்க வேண்டும். மறுநாள் இரவு லாரிகளில் போய்த் தூதரகத்தைத் தாக்கி, பிணைக்கைதிகளை அருகிலிருந்த விளையாட்டு மைதானத்துக்குக் கொண்டுவந்து, ஹெலிகாப்டரில் ஏற்றி, இன்னொரு படை கைப்பற்றி வைத்திருக்கும் விமானத் தளத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பெரிய விமானத்தில் வெளியேற்ற வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் எல்லாம் போச்சு.

தரைப்படையின் டெல்டா, கடற்படையின் கப்பலும் ஹெலிகாப்டரும், கடலில் இருந்து கரையிறங்கிப் போரிடும் மரைன் படையின் விமானிகள், விமானப்படையின் சி-130. நான்கு படைகளும் அந்த வேலைக்காக அவசரமாகச் சேர்க்கப்பட்டவை. டெல்டா அப்போதுதான் உருவாகி முடிந்திருந்த புதிய படை. அதன் தலைவர் கர்னல் சார்ல்ஸ் பெக்வித். டெல்டாவை ஏற்றிப்போகத் தனி விமானப் பிரிவு எதுவும் இல்லை. ஆகவே கிடைத்ததை எடுத்தார்கள்: ஆர்எச்-53டி. அது கடலில் கண்ணிவெடி வாருவதற்காகக் கடற்படை வைத்திருந்த ஹெலிகாப்டர். தூரம் போகும், எடை தூக்கும், மடித்து வைத்தால் கப்பலின் அடித்தளத்தில் அடங்கும். கப்பலில் அதைப் பார்க்கும் யாருக்கும் சந்தேகம் வராது என்பதும் ஒரு காரணம்.

ஓட்டுவதற்கு ஆள்? கண்ணிவெடி வாரும் கடற்படை விமானிகளுக்கு இந்த இரவு வேலை பழக்கமில்லை என்று, பெரும்பாலும் மரைன் விமானிகளைப் போட்டார்கள். அவர்களுக்கும் இவ்வளவு தூரம் தரைமேல் இருட்டில் பறந்து பழக்கமில்லை. அதே குடும்ப ஹெலிகாப்டரைச் சிறப்பு வேலைகளுக்கு ஓட்டி அனுபவமுள்ளவர்கள் விமானப்படையில் நூற்றுக்கும் மேல் இருந்தார்கள் என்று பின்னால் வந்த அறிக்கை கணக்கெடுத்துச் சொன்னது. அவர்களைப் போதிய அளவில் பயன்படுத்தவில்லை.

அந்த எட்டு ஹெலிகாப்டருக்கு என்ன ஆனது என்பதை ஒரு தொழில்நுட்ப ஆளாக நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். முதலில் ஆறாம் எண் நின்றது. அந்த ரக ஹெலிகாப்டரின் பிளேடுக்குள் நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். பிளேடில் விரிசல் விட்டால் வாயு கசியும், விமானி முன்னால் எச்சரிக்கை விளக்கு எரியும். விளக்கு எரிந்தது. விமானி பாலைவனத்தில் இறக்கி, ஹெலிகாப்டரைக் கைவிட்டு, பின்னால் வந்த எட்டாம் எண்ணில் ஏறிக்கொண்டார். மரைன்களின் சொந்த ஹெலிகாப்டரில் அந்த விளக்கு எரிந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் கடற்படையின் இந்த ரகத்தில், அந்த விளக்கு எரிந்த பிறகும் வேகத்தைக் குறைத்துத் தொடர்ந்து பறக்க முடியும் என்பதற்கு ஆதாரம் இருந்தது. விளக்கு எரிந்த முந்தைய சம்பவங்களில் உண்மையான விரிசல் இருந்ததில்லை. இதை அவருக்கு அந்த இயந்திரத்தைத் தினமும் கையாளும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். விமானியை நான் குறை சொல்ல மாட்டேன். இரவல் வாங்கின வண்டியில் எந்தச் சத்தம் சாதாரணம், எந்தச் சத்தம் ஆபத்து என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம் தூசி. பாலைவனத்தில் பொடி போன்ற மண் காற்றில் எழுந்து, மணிக்கணக்கில் அப்படியே தொங்கி நிற்கும். ஹெலிகாப்டர்கள் அதற்குள் நுழைந்தன. இப்படி ஒன்று வரலாம் என்று வானிலைக் குழுவுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் இரகசியம் காக்கும் பெயரில் வானிலைக் குழுவும் விமானிகளும் நேருக்கு நேர் பேசவே விடப்படவில்லை. முன்னால் போன சி-130 விமானங்கள் தூசியைக் கண்டன. அந்தச் செய்தி பின்னால் வந்த ஹெலிகாப்டர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஐந்தாம் எண்ணில் திசைகாட்டும் கருவிகள் கெட்டன. தூசிக்குள் கண் தெரியாமல் மலையை நோக்கிப் பறப்பது ஆபத்து என்று விமானி கப்பலுக்கே திரும்பினார். இன்னும் கொஞ்ச நேரம் பறந்திருந்தால் தூசி முடிந்திருக்கும், இறங்க வேண்டிய இடத்தில் வானம் தெளிவாக இருந்தது. தெரிந்திருந்தால் தொடர்ந்து போயிருப்பேன் என்றுதான் அவரும் விசாரணையில் சொன்னார். ரேடியோ மௌனம், அதனால் அவருக்குச் சொல்ல ஆளில்லை.

மிச்சம் ஆறு வந்து சேர்ந்தன, தாமதமாக, களைத்துப்போய். அதில் இரண்டாம் எண்ணின் ஹைட்ராலிக் பம்ப் எரிந்துபோயிருந்தது. எடை ஏற்றிக்கொண்டு மறுபடி எழும்ப முடியாது. தெஹ்ரானுக்குப் போகக் குறைந்தது ஆறு வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். இருந்தது ஐந்து. நடவடிக்கையைக் கைவிட வேண்டியதுதான் என்று பெக்வித் சொல்ல, கார்ட்டர் ஒப்புக்கொண்டார்.

அதோடு முடிந்திருந்தால் அது வெறும் கைவிடப்பட்ட முயற்சி. திரும்பிப் போவதற்காக ஒரு ஹெலிகாப்டர் இடம் மாறும்போது, தன் விசிறி கிளப்பிய மண்ணிலேயே கண் தெரியாமல், எரிபொருள் விமானம் ஒன்றின் மேல் மோதியது. இரண்டும் எரிந்தன. விமானப்படையினர் ஐந்து பேர், மரைன்கள் மூன்று பேர் இறந்தார்கள். மற்ற ஹெலிகாப்டர்களை அப்படியே விட்டுவிட்டு, எஞ்சியவர்கள் சி-130-களில் ஏறித் தப்பினார்கள். விட்டுப்போன ஹெலிகாப்டர்களுக்குள் இரகசியக் காகிதங்கள் இருந்தன. பிணைக்கைதிகள் 1981 ஜனவரி 20 அன்று, 444 நாள் கழித்துப் பேச்சுவார்த்தை மூலமாகத்தான் விடுதலையானார்கள்.

அட்மிரல் ஜேம்ஸ் ஹாலோவே தலைமையில் ஆறு பேர் கொண்ட குழு இதை ஆராய்ந்து, 1980 ஆகஸ்டிலேயே அறிக்கை கொடுத்தது. இரகசியப் பகுதிகளை நீக்கிப் பொதுமக்களும் படிக்கக்கூடிய வடிவில் வெளியிட்டார்கள். எனக்கு அதில் பெரிய மரியாதை. எட்டுப் பேர் இறந்து நான்கே மாதத்தில், யாரையும் தூக்கில் போடாமல், எதையும் மூடி மறைக்காமல், எங்கே எது கோணியது என்று வரிசையாக எழுதினார்கள். குறைந்தது பத்து ஹெலிகாப்டராவது அனுப்பியிருக்க வேண்டும் என்றார்கள். எல்லாப் பிரிவும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு முழு ஒத்திகைகூடச் செய்யவில்லை என்றார்கள். பாலைவனத்தில் இறங்கிய பிறகு அங்கே யார் தலைவர் என்பதே பலருக்குத் தெரியவில்லை, இருட்டிலும் இரைச்சலிலும் தூசியிலும் ஒருவர் கட்டளையிட்டால் அவர் யார் என்று இன்னொருவர் கேட்க வேண்டியிருந்தது என்றார்கள்.

அந்த ஆறு பேரில் லெப்டினன்ட் ஜெனரல் லிராய் மானர் என்ற ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி நம் பக்கம் யாரும் பேசிக் கேட்டதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பத்து வருடத்துக்கு முன், 1970 நவம்பர் 21 அதிகாலையில், வடவியட்நாமில் சன் தாய் என்ற இடத்தில் இருந்த சிறை முகாமில் அமெரிக்கப் போர்க்கைதிகளை மீட்க ஒரு படை இறங்கியது. அந்த நடவடிக்கையின் தலைவர் மானர். தரையில் இறங்கியவர்களுக்குத் தலைவர் கர்னல் ஆர்தர் சைமன்ஸ். தரைப்படையும் விமானப்படையும் புளோரிடாவில் மாதக்கணக்கில் ஒன்றாகத் தங்கி, முகாமைப் போலவே ஒரு மாதிரியைக் கட்டி, பகலிலும் இரவிலும் நூறு முறைக்கு மேல் ஒத்திகை பார்த்தார்கள். விமானிக்குத் தன் ஹெலிகாப்டரில் வரும் ஒவ்வொரு வீரனின் முகமும் தெரியும். ஒரு ஹெலிகாப்டர் தவறான வளாகத்தில் இறங்கியபோதும் வேலை தடைபடவில்லை. இறங்கிய 56 பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

ஆனால் முகாம் காலி. கைதிகளை ஜூலை மாதமே வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

சன் தாயில் கை சரியாக வேலை செய்தது, கண் ஏமாந்தது. கையை அவ்வளவு நன்றாகப் பழக்கிய அந்தக் குழுவை என்ன செய்தார்கள் தெரியுமா? வேலை முடிந்ததும் கலைத்து, அவரவர் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து வருடம் கழித்து, ஈரானுக்காக எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஹாலோவே அறிக்கையின் முக்கியமான பரிந்துரைகளில் ஒன்று, பயங்கரவாத எதிர்ப்புக்கு ஒரு நிரந்தரக் கூட்டுப்படை வேண்டும் என்பது. 'நிரந்தர' என்ற சொல்லைப் படிக்கும்போது எனக்கு மானர்தான் கண்முன் வருவார். கலைத்தால் என்ன ஆகும் என்று அந்த அறையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இருந்திருக்க முடியாது.

அதன்பின் வந்தவை: 1980 டிசம்பரில் 'ஜேசாக்' எனப்படும் கூட்டுச் சிறப்பு நடவடிக்கைக் கட்டளை, வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக்கில். கடற்படையின் 'சீல் டீம் சிக்ஸ்' கமாண்டோ பிரிவு அதே ஆண்டு இறுதியில். இன்னொரு மீட்பு முயற்சிக்காகத் தரைப்படையில் இரவில் பறக்கப் பழக்கிய விமானிகளைக் கலைக்காமல் வைத்து, 1981-ல் அதை 160-வது விமானப் பிரிவாக்கினார்கள். 'நைட் ஸ்டாக்கர்ஸ்' என்று இன்று உலகம் முழுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். என் கணக்கில் ஈரான் தோல்வியின் மிகப்பெரிய பலன் இந்தப் பிரிவு. துப்பாக்கி பிடிப்பவனைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். டெசர்ட் ஒன்னில் துப்பாக்கி பிடித்தவர்கள் யாரும் தவறவில்லை. அவர்களுக்குச் சுடவேண்டிய வேலையே வரவில்லை. தவறியது அவர்களைக் கொண்டுபோகும் ஏற்பாடு.

ஆனாலும் 1983-ல் கரீபியன் தீவான கிரெனடாவில் அமெரிக்கப் படை இறங்கியபோது பழைய கோளாறுகள் மறுபடி தலைகாட்டின. ஒரு படையின் ரேடியோ இன்னொரு படையோடு பேசவில்லை. சீல் வீரர்கள் நான்கு பேர் இரவில் கடலில் குதித்து மூழ்கிப்போனார்கள். ஆக, ஒரு தலைமையகம் திறந்ததால் மட்டும் எல்லாம் மாறிவிடவில்லை. படைத் தலைமைகள் தங்கள் ஆட்களையும் பணத்தையும் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. கடைசியில் நாடாளுமன்றம்தான் சட்டம் போட்டுத் தள்ளியது. 1986-ல் படைகளை ஒன்றாக வேலை செய்ய வைக்கும் கோல்ட்வாட்டர்-நிக்கல்ஸ் சட்டம், அதைத் தொடர்ந்து நன்-கோஹன் திருத்தம். 1987 ஏப்ரல் 16 அன்று எல்லாச் சிறப்புப் படைகளுக்கும் ஒரே கட்டளை, புளோரிடாவின் டாம்பாவில் தொடங்கியது. அதற்குத் தனி வரவுசெலவுக் கணக்கும் கொடுத்தார்கள். அந்தத் தனிக் கணக்கு ரொம்ப முக்கியம். இரவல் ஹெலிகாப்டர் கேட்டு நிற்கும் நிலை அங்கேதான் முடிந்தது.

2011 மே 2 அன்று பின்லேடனைத் தேடிப் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் இறங்கிய இரண்டு ஹெலிகாப்டர்களில் ஒன்று வளாகத்துக்குள்ளேயே விழுந்து உடைந்தது. ஓட்டியவர்கள் 160-வது பிரிவினர். கூடுதல் ஹெலிகாப்டர்கள் முன்பே தயாராக நிறுத்தப்பட்டிருந்தன. வேலை நிற்கவில்லை. விழுந்ததை அழித்துவிட்டு மாற்று ஹெலிகாப்டரில் எல்லோரும் வெளியேறினார்கள்.

ஜெர்மனிக்காரர்களின் கதையும் இதே வகைதான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்களைப் பிடித்து வைத்திருந்தவர்கள் எட்டுப் பேர். விமானத் தளத்தில் நிறுத்தியிருந்த துப்பாக்கிக்காரர்கள் ஐந்து பேர். எட்டு என்ற எண்ணிக்கையை ஹெலிகாப்டர் புறப்படும்போதே அதிகாரிகள் எண்ணிவிட்டார்கள், ஆனால் அது துப்பாக்கிக்காரர்களுக்குப் போகவில்லை. அவர்கள் கையில் ரேடியோவே இல்லை. பிணைக்கைதிகள் ஒருவரும் மிஞ்சவில்லை, பதினோரு பேரும் இறந்தார்கள். அதே மாதம் 'ஜிஎஸ்ஜி-9' என்ற ஜெர்மன் சிறப்புப் பிரிவு உருவானது. 1977 அக்டோபரில் சோமாலியாவின் மொகாடிஷுவில் கடத்தப்பட்ட லுஃப்தான்சா விமானத்தில் இருந்த 86 பயணிகளையும் அவர்கள் உயிரோடு மீட்டார்கள்.

இனி நம் நாடு. இங்கே எனக்குப் பேசுவது கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் முதலில் சொல்ல வேண்டியது இந்தக் கரைக்கு எதிரே நடந்தது. 1987 அக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்திய அமைதிப்படை ஹெலிகாப்டரில் இறங்கியது. அது மீட்பு வேலை அல்ல, புலிகளின் தலைமையைப் பிடிக்கும் முயற்சி. அந்தப் போரின் நியாய அநியாயத்துக்குள் நான் இங்கே போகவில்லை. மண்டபம் அகதி முகாமில் வாழ்ந்தவர்களோடும், அங்கே போய்ச் சண்டையிட்டுத் திரும்பிய நம் மாவட்டத்து முன்னாள் ராணுவத்தினரோடும் சேர்ந்து வாழும் ஊர் இது. இரண்டு பக்கத்து வலியும் எனக்குத் தெரியும். நடவடிக்கையை மட்டும் சொல்கிறேன்.

விமானப்படையின் சில எம்ஐ-8 ஹெலிகாப்டர்கள், பாரா கமாண்டோக்களையும் 13-வது சீக்கிய இலகுரகக் காலாட்படையினரையும் பல நடைகளாகக் கொண்டுபோய் இறக்க வேண்டும். எதிர்த்தரப்பு முன்கூட்டியே அறிந்து காத்திருந்தது. ஒவ்வொரு நடைக்கும் குண்டுமழை கூடியது. ஹெலிகாப்டர்கள் துளைபட்டன, மேற்கொண்டு நடைகள் நிறுத்தப்பட்டன. அதற்குள் சீக்கியப் படைப்பிரிவில் இறங்கியிருந்தவர்கள் முப்பது பேர் மட்டும். பாரா கமாண்டோக்கள் பக்கத்து வீடுகளுக்குள் போய் நின்று போராடி, டாங்கிகள் வந்த பிறகு வெளியேறினார்கள். அந்த முப்பது பேரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார்.

இதிலும் அதே தையல்தான் பிரிந்தது: இரண்டு தரைப்படைப் பிரிவு, ஒரு விமானப்படை, போதாத ஹெலிகாப்டர், சேர்ந்து பழக நேரமில்லை. வேறுபாடு அதற்குப் பிறகு. ஹாலோவே அறிக்கை மாதிரி, சாதாரணக் குடிமகன் எடுத்துப் படிக்கக்கூடிய ஒன்று நமக்குக் கிடைக்கவில்லை. அதில் பங்கெடுத்த அதிகாரிகள் பின்னாளில் எழுதியதையும் பேசியதையும் வைத்துத்தான் நாம் தெரிந்துகொள்கிறோம். 29 பேர் குடும்பத்துக்கும், அடுத்து அப்படி அனுப்பப்படப் போகிறவர்களுக்கும் அந்த அறிக்கையைக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2008 மும்பைத் தாக்குதலில் கதை வேறு மாதிரி. நவம்பர் 26 இரவு தாக்குதல் தொடங்கியது. தேசியப் பாதுகாப்புப் படையினர் டெல்லிப் பக்கத்தில் இருந்து விமானம் ஏறி மும்பை வந்து வேலையைத் தொடங்கும்போது மறுநாள் விடிந்துவிட்டது. அந்த வீரர்களின் திறமையில் குறையே இல்லை. அவர்கள் இருந்த இடம் தூரம், ஏற்றிவர விமானம் அவர்கள் கையில் இல்லை. மறுபடியும் ஏற்றிப்போகும் ஏற்பாடு! ஆனால் இந்த முறை பாடம் சீக்கிரம் செயலானது. 2009-லேயே மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத்தில் அந்தப் படையின் மையங்கள் வந்தன. கடலோரப் பாதுகாப்பு முழுவதற்கும் கடற்படையே பொறுப்பு என்று ஆக்கி, கடலோரக் காவல்படையும் மாநிலக் கடலோரக் காவல் குழுமமும் சேர்ந்து வேலை செய்யும்படி மாற்றினார்கள். நம் உச்சிப்புளி விமானத் தளம் 'ஐஎன்எஸ் பருந்து' என்று பெயர் பெற்றதும் அதே 2009-ல்தான்.

நம் கரையில் இதை நீங்கள் கண்ணால் பார்க்கலாம். 'சாகர் கவச்' ஒத்திகை நடக்கும் நாட்களில், தீவிரவாதிகள் போல வேடமிட்டவர்கள் படகில் கரையேறப் பார்ப்பார்கள். மரைன் போலீஸ், உள்ளூர் போலீஸ், மண்டபம் கடலோரக் காவல்படை, கடற்படை எல்லோரும் சேர்ந்து தடுக்க வேண்டும். பாம்பன் பாலத்தில் வண்டிகளை நிறுத்திச் சோதிப்பார்கள், நமக்குத் தாமதமாகும், சலித்துக்கொள்வோம். நான் சலித்துக்கொள்வதை விட்டுப் பல வருடமாகிறது. ஈரானில் செய்யாமல் விட்ட முழு ஒத்திகை இதுதான். எந்த ரேடியோ எதோடு பேசவில்லை என்று இந்த ஒத்திகையில் தெரியட்டும். இதில் மீனவர்களை இன்னும் அதிகம் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. மும்பையில் அந்தப் பத்துப் பேரும் வந்தது கடத்தப்பட்ட ஒரு மீன்பிடிப் படகில். ரப்பர் படகில் அவர்கள் கரையேறியபோது முதலில் பார்த்து, யார் நீங்கள் என்று கேட்டதும் அந்தக் கரை மீனவர்கள்தான்.

மூன்று படைகளின் சிறப்புப் பிரிவுகளையும் சேர்த்து 2019-ல் ஆயுதப்படைகள் சிறப்பு நடவடிக்கைப் பிரிவு ஒன்றை நம் நாடு அமைத்தது. தரைப்படையின் பாரா சிறப்புப் படை, கடற்படையின் மார்கோஸ், விமானப்படையின் கருடர்கள் என மூவரும் அதில் உண்டு. அமெரிக்காவின் டாம்பா கட்டளையைப் போலப் பெரியது அல்ல. ஆனால் கூட்டாக வேலை செய்யும் பழக்கம் வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு 2024 மார்ச்சில் நடந்த ஒன்றைச் சொல்வேன். சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்து வைத்திருந்த 'ரூயன்' கப்பலை ஐஎன்எஸ் கொல்கத்தா மடக்கி நின்றது. நம் கரையில் இருந்து 2,600 கிலோமீட்டர் தூரம். விமானப்படையின் சி-17 விமானம் போய், மார்கோஸ் வீரர்களையும் அவர்களின் ரப்பர் படகுகளையும் கடலில் இறக்கியது. 35 கொள்ளையர் சரணடைந்தார்கள், 17 மாலுமிகள் காயமின்றி மீண்டார்கள். விமானப்படையின் விமானத்தில் இருந்து கடற்படை வீரன் குதித்து, போர்க்கப்பலோடு போய்ச் சேர்ந்திருக்கிறான். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

கடைசிக் கேள்வி, எதில் சேரலாம். மார்கோஸில் நேராகச் சேர முடியாது. முதலில் கடற்படையில் சேர்ந்து, பிறகு விருப்பம் தெரிவித்துத் தேர்வில் நிற்க வேண்டும். மாலுமியாக நுழையும் வழி இப்போது அக்னிவீர் திட்டம்தான். பாரா சிறப்புப் படைக்கும் தரைப்படையில் இருந்துகொண்டு விருப்பம் கொடுத்துச் சோதனைக் காலத்தைத் தாண்ட வேண்டும், பெரும்பாலானவர்கள் அதில் கழிந்துபோவார்கள். கடல் பிள்ளைகளுக்கு நீச்சலும், அலையில் படகு பிடிக்கும் கையும் பிறப்பிலேயே உண்டு, அது பெரிய பலம். ஆனால் ஓட்டத்தையும் கணக்கையும் இன்றே தொடங்குங்கள். தேர்வில் நம் பையன்கள் விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

கமாண்டோவாக முடியாவிட்டால் மனதை விட்டுவிட வேண்டாம் தம்பி. விமானி, ரேடியோ ஆள், வானிலை பார்ப்பவர், பம்ப் மாற்றுபவர் எல்லோரும் அந்த வேலையில் இருக்கிறார்கள். டெசர்ட் ஒன்னில் இறந்த எட்டுப் பேரும் விமானக் குழுவினர்தான். ஹைட்ராலிக் பற்றியோ பிளேடு பற்றியோ தெரிந்துகொள்ள வேண்டுமானால் உச்சிப்புளிக்கு வாருங்கள், பழைய நோட்டுப் புத்தகங்கள் வைத்திருக்கிறேன். வள்ளம் தேடிய அந்த இரவுக்குப் பிறகு நம் இரண்டு ஊர்க்காரர்களும் உட்கார்ந்து பாருக்கெல்லாம் பெயர் எழுதி ஒரு வரைபடம் போட்டார்கள், ஒரே சேனல் என்றும் முடிவு செய்தார்கள். இடம் சொல்லும்போது புள்ளியா விநாடியா என்று திருப்பிக் கேட்டு உறுதி செய்யும் வழக்கமும் அன்றிலிருந்துதான். அந்த வரைபடத்தின் ஒரு நகல் என்னிடம் இருக்கிறது, அதையும் காட்டுகிறேன்.